சிஆர்-எக்ஸ் ஓட்டியவர் சிஆர்-இசட் வாங்கலாமா?

கேள்வி: அமெரிக்காவின் நியூஜெர்சியில் வசிக்கிறேன். மாணவனாக இருந்தபோது 1989-ஆம் ஆண்டின் ஹோண்டா சிஆர்-எக்ஸ் எஸ்ஐ காரைச் சில ஆண்டுகள் வைத்திருந்தேன். இப்போது தினமும் அலுவலகத்துக்கு 50 மைல் போய்வருவதற்காக, மேனுவல் கியர் கொண்ட ஹோண்டா சிஆர்-இசட் ஹைபிரிட் காரைப் பயன்படுத்திய நிலையில் வாங்க நினைக்கிறேன். அதை சிஆர்-எக்ஸின் வாரிசு என்று பலர் பேசுவதால், சிஆர்-எக்ஸ் வைத்திருந்தவர்கள், "அது அந்தப் பெயருக்கே இழுக்கு" என்கிறார்கள். சிஆர்-இசட் வைத்திருப்பவர்களோ அதை விற்க மனம் வரவில்லை என்கிறார்கள். யார் பேச்சை நம்புவது? நல்லதொரு பழைய சிஆர்-எக்ஸையே தேடிப் பிடிப்பது மேலா?

பதில்: இரு தரப்பினரும் சொல்வது உண்மைதான், ஆனால் அவர்கள் ஒரே காரை ஒரே அளவுகோலால் அளக்கவில்லை. அமெரிக்காவில் விற்பனையான சிஆர்-எக்ஸ், ஒரே உடலுக்குள் இரண்டு வேறு குணங்களைக் கொண்டிருந்தது. எச்எஃப் என்ற வகை எரிபொருள் சிக்கனத்துக்காகவே உருவாக்கப்பட்டது. 1988-இல் வந்த இரண்டாம் தலைமுறையில் அதன் எஞ்சினின் திறன் வெறும் 62 குதிரைத்திறன். நீங்கள் வைத்திருந்த எஸ்ஐ வகை, 1.6 லிட்டர் எஞ்சினும் 108 குதிரைத்திறனும் கொண்ட விளையாட்டுப் பிள்ளை. இரண்டும் ஒரே காரில் இருந்ததே இல்லை. 2010-இல் சிஆர்-இசட் வந்தபோது, அந்த இரண்டு குணங்களையும் ஒரே காரில் தருவதாக எதிர்பார்ப்பு எழுந்தது. அதனால் மைலேஜைப் பற்றிப் பேசும்போது எச்எஃப்பையும், வேகத்தைப் பற்றிப் பேசும்போது எஸ்ஐயையும் எதிரில் நிறுத்தி, இரண்டிலும் அதைத் தோற்கடிக்கிறார்கள்.

முதலில் மைலேஜ். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் மதிப்பீட்டின்படி, மேனுவல் சிஆர்-இசட் நகரமும் நெடுஞ்சாலையும் சேர்ந்து கேலனுக்கு 34 மைல் தருகிறது, அதாவது லிட்டருக்கு ஏறத்தாழ 14.5 கிலோமீட்டர், சிவிடி தானியங்கி கியர் கொண்டது 37 மைல் தருகிறது. "என் எச்எஃப் ஐம்பதைத் தொட்டதே" என்று ஒருவர் சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அன்றைய விற்பனை ஒட்டியில் இருந்த எண் வேறொரு சோதனை முறையில் கிடைத்தது; 2008 மாடல் ஆண்டு முதல் அந்த முறை கடுமையாக்கப்பட்டது. புதிய முறையில் கணக்கிட்டாலும் எச்எஃப் 40-ஐத் தாண்டுகிறது என்பதை மறுப்பதற்கில்லை, ஒரு ஹைபிரிட் காருக்கு அது சற்றுச் சங்கடமான உண்மைதான். அதே முறையில் உங்கள் எஸ்ஐயை வைத்துப் பார்த்தால் சிஆர்-இசட் தெளிவாக முந்துகிறது. நீங்கள் எஸ்ஐயிலிருந்து வருபவர் என்பதால், மைலேஜ் விஷயத்தில் ஏமாற்றம் உங்களுக்கு இருக்காது.

பழைய எச்எஃப்பின் மைலேஜை ஒரு ஹைபிரிட் எட்ட முடியாததற்கு முதல் காரணம் எடை. இரண்டாம் தலைமுறை எஸ்ஐ ஏறத்தாழ 2,000 முதல் 2,200 பவுண்டு வரை இருந்தது. மேனுவல் சிஆர்-இசட் 2,600 பவுண்டைத் தாண்டும். ஏறிய எடையில் ஒரு பங்கு பேட்டரியும் மோட்டாரும் என்றால், பெரும்பங்கு ஆறு ஏர்பேக்குகள், மோதலைத் தாங்கும் உடற்கட்டு, வண்டி வழுக்காமல் காக்கும் மின்னணு அமைப்பு போன்றவற்றுக்கு உரியது. அமெரிக்காவில் விற்ற சிஆர்-எக்ஸில் ஏர்பேக் ஒன்றுகூட இல்லை. 1990 முதல் சீட் பெல்ட்டைக் கதவிலேயே பொருத்தி, தானாகவே காக்கும் பாதுகாப்பு வேண்டும் என்ற சட்டத்தைச் சமாளித்தார்கள். எடை கூடிவிட்டது என்று குறைப்படுபவர்கள் இந்தக் கணக்கை ஏனோ சொல்வதில்லை.

திறனைப் பொறுத்தவரை காகிதத்தில் பெரிய வேறுபாடு கிடையாது. 2013 முதல் வந்த சிஆர்-இசட்டின் எஞ்சினும் மோட்டாரும் சேர்ந்து 130 குதிரைத்திறன் தருகின்றன. எடையால் வகுத்துப் பார்த்தால் எஸ்ஐக்கு ஏறத்தாழ நிகராகவே வருகிறது. ஆனால் அந்தத் திறன் கைக்கு வரும் விதம் முற்றிலும் வேறு. எஸ்ஐயின் உச்ச முறுக்குவிசை 100 பவுண்டு-அடி, அதுவும் எஞ்சின் நிமிடத்துக்கு 5,000 சுற்றுகளை நெருங்கும்போதுதான் கிடைக்கும். அதனால் எஞ்சினைக் கத்தவிட்டு ஓட்டுவதே அதன் இன்பமாக இருந்தது. சிஆர்-இசட்டில் எஞ்சினுக்கும் கியர்பெட்டிக்கும் இடையே தட்டையான மோட்டார் ஒன்று அமர்ந்திருக்கிறது. அது தொடக்கத்திலேயே தள்ளிவிடுவதால், மேனுவல் வகையில் 140 பவுண்டு-அடி முறுக்குவிசை 1,000 சுற்றிலிருந்தே கிடைத்துவிடுகிறது. நகரத்தில் மூன்றாம் கியரில் மெதுவாகப் போகும்போது மிதியை அழுத்தினால், கியரைக் குறைக்காமலே வண்டி எழும்பிப் போவதை உணர்வீர்கள். அதே கியரில், எஞ்சின் சுற்றின் உச்ச வரம்பான சிவப்புக் கோடு வரை இழுத்தால், மேலே போகப் போகப் புதிதாக எதுவும் நிகழ்வதில்லை. சிஆர்-எக்ஸ்காரர்கள் "உயிரில்லை" என்பதும், சிஆர்-இசட்காரர்கள் "ஓட்ட அலுப்பே இல்லை" என்பதும் இந்த ஒரே பண்பைப் பற்றித்தான்.

வளைவுகளில் மட்டும் நான் பழையதன் பக்கம். இரண்டாம் தலைமுறை சிஆர்-எக்ஸில் முன்னும் பின்னும், ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியே அசையும் இரட்டை விஷ்போன் சஸ்பென்ஷன் இருந்தது. ஹோண்டாவின் ஃபிட், இரண்டாம் தலைமுறை இன்சைட் ஆகிய கார்களின் அடித்தளத்திலிருந்து பிறந்த சிஆர்-இசட்டில், பின்புறம் இரு சக்கரங்களையும் இணைக்கும் எளிய டார்ஷன் பீம்தான் உண்டு. ஸ்டீயரிங் கூர்மையாகவே இருக்கிறது, கியர் மாற்றும் கைப்பிடி மிக இனிமையானது. ஆனால் குண்டும் குழியுமான வளைவில் பின்சக்கரங்கள் பேசிக்கொள்ளும் மொழி வேறு. தொழிற்சாலையில் வந்த, சிக்கனத்தை முன்னிட்ட டயர்களை மாற்றிய பிறகுதான் தங்கள் கார் பிடித்துப்போனது என்று சொல்லும் உரிமையாளர்கள் பலர். அந்தச் செலவை விலைபேசும்போதே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஐஎம்ஏ எனப்படும் ஹோண்டாவின் இந்த ஹைபிரிட் அமைப்பை டொயோட்டா பிரியஸைப் போல நினைத்து வாங்கிவிட வேண்டாம். சிக்னலிலிருந்து மின்சாரத்தில் மட்டும் சத்தமின்றிப் புறப்படும் வித்தை இதற்குத் தெரியாது. மோட்டார் துணையாள், எஞ்சின்தான் முதலாளி. பிரேக் பிடிக்கும்போது மின்சாரத்தைச் சேமித்து, வேகமெடுக்கும்போது திருப்பித் தருகிறது. சிக்னலில் நிற்கும்போது எஞ்சின் அணைந்துவிடுவதால், ஏசி கம்ப்ரஸரும் நின்று, ஜூலை மாதத்தில் காற்று மெல்லச் சூடாவது உரிமையாளர்கள் அடிக்கடி சொல்லும் சிறிய எரிச்சல்.

உண்மையில் உங்கள் முடிவு தங்கியிருக்க வேண்டியது பேட்டரியின்மேல்தான். 2011, 2012 மாடல்களில் 100.8 வோல்ட் நிக்கல் வகை பேட்டரி உண்டு. மோட்டாரின் பங்கு 13 குதிரைத்திறன் மட்டுமே. 2013 முதல் 144 வோல்ட் லித்தியம் அயனி பேட்டரி வந்தது, மோட்டார் 20 குதிரைத்திறனாக உயர்ந்தது, ஸ்டீயரிங்கில் எஸ் பிளஸ் என்ற பொத்தானும் சேர்ந்தது. பேட்டரியில் போதிய இருப்பு இருக்கும்போது அதை அழுத்தினால் சில விநாடிகளுக்கு மோட்டாரின் முழு வலுவும் கிடைக்கும். விலை சற்றுக் கூடினாலும் 2013-க்குப் பிந்தையதையே தேடுங்கள் என்பது என் உறுதியான பரிந்துரை.

பார்க்கப் போகும்போது எஞ்சின் குளிர்ந்த நிலையில் இருக்கட்டும் என்று விற்பவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். நீண்ட ஏற்றம் ஒன்றில் நன்றாக மிதித்து ஓட்டி, பேட்டரி அளவுகாட்டியின் பட்டைகளைக் கவனியுங்கள். அவை ஒவ்வொன்றாக இறங்கி, இறக்கத்தில் ஒவ்வொன்றாக ஏறினால் நல்லது. பாதிக்கு மேல் இருந்த அளவு ஒரே நொடியில் அடிமட்டத்துக்கு விழுந்து, மோட்டாரின் உதவி நின்று, எஞ்சின் மூச்சுத் திணறினால், பேட்டரியின் உள்ளறைகள் சமநிலை இழந்துவிட்டன என்று பொருள்; ஐஎம்ஏ எச்சரிக்கை விளக்கு எரியாவிட்டாலும் அந்த வண்டியை விட்டுவிடுங்கள், அல்லது பேட்டரி மாற்றும் செலவு முழுவதையும் விலையில் கழித்துக் கேளுங்கள். நெடுங்காலம் ஓட்டாமல் நிறுத்தி வைத்த காரைவிட, தினமும் ஓடிய காரின் பேட்டரியே பெரும்பாலும் நலமாக இருக்கும். ஓடிய மைல் குறைவு என்பதற்காக மயங்க வேண்டாம். தகாட்டா நிறுவனத்தின் பழுதான ஏர்பேக்குகளை மாற்றுவதற்கான திரும்பப்பெறுதலில் சிஆர்-இசட்டும் அடங்கும். ஆகவே 17 இலக்க வாகன அடையாள எண்ணை அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகத்தின் இணையதளத்தில் கொடுத்து, பழுது நீக்கப்பட்டதா என்று பாருங்கள். நீக்கப்படாவிட்டால் டீலரிடம் இலவசமாகவே செய்துகொள்ளலாம்.

பழைய சிஆர்-எக்ஸையே தேடலாமா என்ற கேள்விக்கு, தினசரிப் பயணத்துக்கு வேண்டாம் என்பேன். 1991-உடன் அந்த உடலமைப்பு முடிந்துவிட்டது. மிஞ்சியிருப்பவை முப்பது வயதைக் கடந்தவை. நியூஜெர்சியின் குளிர்காலச் சாலைகளில் தூவப்படும் உப்பு, பின்சக்கர வளைவுகளை முதலில் தின்னும். மேலே வண்ணம் பளபளத்தாலும் விளிம்பின் உட்புறத்தில் விரலை வைத்துத் தடவிப் பாருங்கள், செதில் உதிர்ந்தால் அடிப்பகுதியின் நிலை தெரிந்துவிடும். வெயிலில் நின்ற வண்டி கிளம்ப மறுப்பதற்கு, எரிபொருள் பம்புக்கு மின்சாரம் தரும் மெயின் ரிலேயின் ஈயப் பற்றவைப்பு விரிசல் விடுவது பழகிய காரணம். அது மலிவாகச் சரியாகும். லாரிகளுக்கு நடுவே ஏர்பேக் இல்லாமல் தினமும் 50 மைல் போவதற்குத்தான் மருந்தில்லை. ஞாயிற்றுக்கிழமைகளுக்காக இரண்டாவது காராக வாங்குவதென்றால் அது வேறு பேச்சு.

வீட்டில் சிறு குழந்தை இருப்பதாக நீங்கள் குறிப்பிடவில்லை. இருந்தால் மேலே சொன்ன அனைத்தையும் மறந்துவிடுங்கள். ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் சிஆர்-இசட்டின் பின்னால் பெயரளவுக்காவது இருக்கை உண்டு, அமெரிக்காவில் விற்றதில் அதுவும் இல்லை. ஏர்பேக் உள்ள முன்னிருக்கையில் பின்நோக்கிய குழந்தை இருக்கையைப் பொருத்தவும் கூடாது. அந்தத் தடை இல்லையென்றால், 2013-க்குப் பிந்தைய மேனுவல் வண்டியை வாங்குங்கள். மூன்று மைல் மைலேஜுக்காகச் சிவிடியின் பக்கம் போக வேண்டாம். கியரைக் கையால் மாற்றும் இன்பம்தான் உங்கள் எஸ்ஐயிலிருந்து இந்தக் காருக்குக் குறையாமல் வந்து சேர்ந்திருக்கிறது.