பாட்டி குறி பாத்த சோழி, ஏடு எல்லாத்தையும் எப்படி மரியாதையா அப்புறப்படுத்துறது?

கேள்வியில "வீட்ல வெச்சிருக்க பயமா இருக்கு, குப்பையில போடவும் மனசு வரல, எப்படி சுத்தி பண்ணி விடுறது"னு கேட்டிருக்கீங்க. பாட்டி தவறி கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும்னு நினைக்கிறேன், சொந்தக்காரங்க ஆளுக்கு ஒன்னு சொல்லி பயமுறுத்திட்டு இருப்பாங்க. எங்க வீட்லயும் அதேதான் நடந்துச்சு, அதான் எழுதுறேன். நான் சாஸ்திரம் படிச்சவ இல்ல, தெரிஞ்சவங்க திருத்துங்க. இதெல்லாம் மூடநம்பிக்கை, தூக்கி எறினு சொல்ல வர்றவங்களுக்கும் ஒன்னு சொல்லிக்கிறேன், இது நம்பிக்கை பத்தின விஷயமே இல்ல, ஒரு மனுஷி காலம் பூரா கையில வெச்சிருந்த பொருள் பத்தினது.

எங்க அப்பத்தா சிவகங்கை பக்கம். செவ்வாயும் வெள்ளியும் மட்டும்தான் குறி பாப்பாங்க. முறத்துல பச்சரிசிய பரப்பி, மஞ்சத்துணிய அவுத்து, 12 சோழிய கையில அள்ளி கண்ணுல ஒத்திக்கிட்டு குலுக்கி போடுவாங்க. மல்லாக்க விழுந்தது எத்தன, குப்புற விழுந்தது எத்தனனு பாத்துட்டு கொஞ்ச நேரம் பேசவே மாட்டாங்க. வெத்தலபாக்கோட 11 ரூபா, அதுக்கு மேல யாரு குடுத்தாலும் வாங்கினதில்ல.

அவங்க போன பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சதும் பெரியப்பா, இதுகள வீட்ல வெச்சா ஆகாதுன்னு ஆரம்பிச்சுட்டாரு. பரிகாரம் பண்றேன்னு ஒருத்தர் வந்து 9,000 ரூபா கேட்டாரு. நான் வேணாம்னு சொல்லிட்டு, போன்ல எங்கயோ பாத்தத நம்பி, எலுமிச்சம்பழச் சாறுல சோழிய ராத்திரி பூரா ஊற வெச்சேன். தீட்டு போயிடும், பளபளன்னு ஆயிடும்னு போட்டிருந்தான். போட்ட உடனே ஒவ்வொரு சோழி மேலயும் பொடிப்பொடியா குமிழு கெளம்புச்சு, அழுக்கு போகுதுன்னு சந்தோஷப்பட்டேன். காலைல எடுத்தா பூராவும் வெளுத்து சொரசொரன்னு இருக்கு, ஒன்னுல கீறலே விட்டிருச்சு. சோழிங்கறது கடல் நத்தையோட ஓடு, சுண்ணாம்புதான், புளிப்பு பட்டா கரையும்னு அப்புறமாத்தான் தெரிஞ்சுச்சு. அப்பத்தா கைபட்டு கைபட்டு ஏறியிருந்த அந்த வழுவழுப்ப நானே ஒரே ராத்திரில அழிச்சுட்டேன். அத நெனச்சா இப்பவும் தாங்கல. அதனால எலுமிச்சை, புளி, வினிகர் எதுவும் கிட்ட கொண்டு போகாதீங்க. வெறும் தண்ணில அலசி பருத்தித்துணில தொடச்சா போதும், மனசுக்கு வேணும்னா கொஞ்சம் சாம்பிராணி காட்டுங்க.

அப்பத்தா கைன்னதும் இன்னொன்னு சொல்லியே ஆகணும். கடைசி ரெண்டு வருஷம் அப்பத்தாவோட முதியோர் பணம் சரியாவே வரல. பணம் குடுக்கற மெஷின்ல கைரேகை விழலயாம். வயசானவங்களுக்கு ரேகை தேஞ்சு போகும், இது ஊருக்கே தெரியும். வேற வழி இருக்கான்னு கேட்டா அடுத்த மாசம் வா, அடுத்த மாசம் வான்னு வெயில்ல அலைய விட்டாங்க. அந்த காசுலதான் அவங்க மாத்திர வாங்கினாங்க. கேட்ட கேள்விக்கு சம்பந்தம் இல்லதான், ஆனா வலிக்குது.

சரி, ஏடுக்கு வரேன், முக்கியமே இதுதான். அப்பத்தாவோட அப்பா வெச்சிருந்த ஒரு ஓலைக்கட்டு இருந்துச்சு, நாங்க எல்லாரும் குறி ஏடுன்னுதான் சொல்லுவோம். பெரியப்பா அத ஆடி 18க்கு ஆத்துல விட்றலாம்னாரு. அவர தப்பு சொல்ல முடியாது, காலங்காலமா அப்படித்தான் பண்ணியிருக்காங்க, நம்ம ஆளுங்க அத மரியாதைன்னு நெனச்சுதான் பண்ணாங்க. பழைய தமிழ் நூல்கள தேடிப் பிடிச்சு அச்சுல கொண்டு வந்த உ.வே.சா. ஊர் ஊரா ஏடு தேடி அலைஞ்சப்போ ஆடிப்பெருக்குல வெள்ளத்துல விட்டுட்டோம்னு அவர்கிட்டயே சொல்லியிருக்காங்க, கரிவலம்வந்தநல்லூர் கோயில்ல நெய்யில தோச்சு ஹோமத்துல போட்டாச்சுன்னு சொல்லியிருக்காங்க. அந்த கதை எனக்கு தெரியும்ங்கறதால நான் பெரியப்பாகிட்ட சண்டையே போட்டேன். தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகத்துல ஓலைச்சுவடித் துறைனே தனியா இருக்கு, அங்க கொண்டு போய் காட்டினோம். அங்க இருந்தவங்க தூசிய மெல்லிசு பிரஷ்ல தட்டிட்டு, புல்தைலம்னு ஒரு வாசனைப் புல்லோட எண்ணெய தடவினதும் எழுத்து கண்ணுக்கு தெரிய ஆரம்பிச்சுச்சு. பாதி ஏடு குறியே இல்லங்க, மாட்டு வைத்தியம்! மாடு வயிறு ஊதினா என்ன பண்றது, கன்னு தங்கலனா என்ன குடுக்கறதுன்னு பாட்டா எழுதியிருக்கு. இத்தன வருஷம் பயந்துக்கிட்டு பரண் மேல போட்டு வெச்சிருந்தது மாட்டு வாகடத்த. பெரியப்பா மாடு வெச்சிருக்கறவரு, அங்கயே உக்காந்து அழுதுட்டாரு. ஏட்ட அங்கயே குடுத்துட்டு வந்தோம்.

சோழி பத்தி அப்புறமா அம்மாதான் சொன்னாங்க, "எனக்கப்புறம் பிள்ளைக பல்லாங்குழி ஆடட்டும்டி"ன்னு அப்பத்தா ஒரு தடவ சொல்லியிருக்காங்களாம். அத முன்னாடியே கேட்டிருந்தா நான் எலுமிச்சைல போட்டிருக்கவே மாட்டேன். அதனால உங்க அம்மா, அத்தைகிட்ட முதல்ல கேளுங்க, பாட்டி ஏதாவது சொல்லி வெச்சிருப்பாங்க. எங்க வீட்ல பெரியப்பா மனசுக்காக தேவிபட்டினம் போய் 11 சோழிய கடல்ல விட்டோம், நவகிரகத்துகிட்ட கூட்டம், கொஞ்சம் தள்ளிப்போய் விட்டோம். கடல்ல இருந்து வந்தது கடலுக்கே போகட்டும்னு எனக்கும் தோணுச்சு. துணி, பாலித்தீன் கவர் எதையும் தண்ணில விடல. கீறல் விட்ட சோழிய மட்டும் திண்ணை ஓரம் முருங்கை மரத்தடில பொதச்சேன், வெயில் சாயுற நேரம் அங்கதான் முறத்த வெச்சு உக்காருவாங்க.

உங்க ஏட்டுல கயிறு இன்னும் இருந்தா அவுக்காம அப்படியே வைங்க, காஞ்ச ஓலை புரட்டினா ஒடியும். ஆத்துல மட்டும் விட்றாதீங்க.