சுங்கான் பட்டறையைக் கலைத்துவிட்டுக் கனடா போகிறேன்: எதை விற்பது, எதை எடுத்துப்போவது?

கேள்வி: பெங்களூரில் வீட்டோடு சேர்ந்த சின்னப் பட்டறையில் சுங்கான், அதாவது புகைக்கும் பைப், செய்கிறேன். இரண்டு மாதத்தில் குடும்பத்தோடு கனடா போகிறோம். லேத், பாலிஷ் மோட்டார், புகையிலை வைக்கும் கிண்ணத்துக்கான பிரையர் மரக் கட்டைகள், வாய்ப்பிடிக்கான எபோனைட் (கெட்டி ரப்பர்) ராடுகள், செய்து முடித்த பைப்புகள், பாதியில் நிற்பவை எல்லாம் இருக்கின்றன. மொத்தமாக விற்கலாமா?

பதில்:

மொத்தமாக விற்காதீர்கள். “பைப் பட்டறை விற்பனைக்கு” என்று விளம்பரம் போட்டால் கடைசியில் வந்து நிற்பவர் குஜிரிக் கடைக்காரர்தான். அவர் இரும்பை எடைபோடுவார், மரத்தை விறகு என்பார். பிரையர் கட்டையைத் திருப்பித் திருப்பி ரேகை பார்க்கத் தெரிந்தவர்கள் பெங்களூரில் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். ஆனால் உங்கள் பட்டறைக்குள் நாலு தொழிலின் சாமான் இருக்கிறது. லேத் சின்ன மெஷின் வேலை செய்பவருக்கு ஆகும், எபோனைட் பேனா கடைபவருக்கு, பாலிஷ் மோட்டார் நகரத்பேட்டை நகைப் பட்டறைக்கு, துண்டு மரம் கத்திக்குப் பிடி போடுகிறவருக்கு. நாலு பேருக்கும் தனித்தனி விளம்பரம் போடுங்கள். ஒன்றில்கூட ‘பைப்’ என்ற சொல் வேண்டாம்.

அதற்கு முன்னால் விற்கக் கூடாதவற்றை ஒரு பெட்டியில் போட்டு மூடுங்கள். கிண்ணம் குடைய நீங்களே உருண்டை முனையாகத் தீட்டி வைத்திருக்கும் ஸ்பேட் பிட்டுகள், 4 மி.மீ. நீள டிரில் பிட், முளை (வாய்ப்பிடியிலிருந்து கிண்ணத்தின் காம்புத் துளைக்குள் செருகும் முனை) கடையும் கட்டர், காற்றுத்துளையை வாய்ப்பக்கம் விரிக்கும் சின்ன ரீமர்கள், ஸ்லாட் அறுக்கும் ஊசி அரங்கள், லேத்தில் கட்டையைக் கடித்துப் பிடிக்கும் இரண்டு தாடை சக். எல்லாம் சேர்ந்து ஏழெட்டு கிலோ வரும். இங்கே ஒருவரும் இவற்றுக்குக் காசு தர மாட்டார்கள், ஏனென்றால் என்னவென்றே தெரியாது. அங்கே போய் மறுபடி தீட்டிச் சரிபார்க்க மாதக் கணக்கில் ஆகும். இரண்டு தாடை சக்கைப் பார்த்து “மூணாவது தாடை எங்கே?” என்று கேட்பவரிடம் அதைக் கொடுத்துவிடாதீர்கள். இந்தப் பெட்டி செக்-இன் லக்கேஜில் போகட்டும். கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் பறிபோகும்.

எபோனைட்தான் சீக்கிரம் பணமாகும், ஆனால் தெரியாமல் கெடுப்பதும் அதைத்தான். அது கந்தகம் நிறைய ஏற்றி இறுக்கிய ரப்பர். வெயில் பட்டால் மேல்தோல் பச்சையும் பழுப்புமாக மாறிவிடும். ஜன்னலோரம் நிறுத்தி வைத்த ராடைப் படம் எடுத்துப் போட்டால், வாங்குகிறவர் பழைய சரக்கு என்று பாதி விலை கேட்பார். படம் எடுக்கும் முன் ஒரு முனையில் விரல் அகலத்துக்கு 400 நம்பர் உப்புத்தாளில் தண்ணீர் தொட்டுத் தேய்த்து உள்ளே இருக்கும் கறுப்பைக் காட்டுங்கள். தேய்க்கும்போது கந்தக வாடை வரும், தூள் பழுப்பாக விழும். அக்ரிலிக் ராடாக இருந்தால் அந்த வாடை வராது. வாங்குகிறவர் சந்தேகப்பட்டால் அவர் முன்னாலேயே தேய்த்துக் காட்டுங்கள். எபோனைட்டை வெள்ளி வளையங்களோடு ஒரே பெட்டியில் வைக்காதீர்கள், கந்தகம் வெள்ளியைக் கறுக்கடித்துவிடும்.

ராடை வெட்டிக் கொடுக்க அவசரப்படாதீர்கள். பேனாக்காரருக்கு வேண்டியது பெரும்பாலும் 16 முதல் 20 மி.மீ. தடிமன். உடல், மூடி, பிடி மூன்றும் ஒரே ராடிலிருந்து வந்தால்தான் கோடும் நிறமும் ஒத்துப்போகும். அதனால் 15 செ.மீ.க்குக் குறைந்த துண்டு அவருக்கு வெறும் கழிவு, உங்களுக்கோ அதுவே ஒரு வாய்ப்பிடி. முழு ராடுகளை விற்றுவிட்டு, துண்டுகளை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். சிவப்பும் கறுப்பும் வரியோடும் கம்பர்லேண்ட் ராடு இருந்தால் கறுப்போடு சேர்த்து விலை பேசாதீர்கள், தனியாகப் பேசுங்கள். திருவள்ளூரிலும் ராஜமுந்திரியிலும் எபோனைட் பேனாவைக் கையால் கடையும் தொழில் இன்றும் நடக்கிறது. பெங்களூரிலேயே பொழுதுபோக்காகப் பேனா கடைபவர்கள் இருக்கிறார்கள். ஜெர்மன் எபோனைட் என்றால் பில்லைக் கேட்பார்கள், தேடி எடுத்து வையுங்கள்.

லேத்தில் ஒரு சிக்கல் உண்டு. விலைபோக அதிக நாள் பிடிப்பது அது, கடைசி நாள் வரை தேவைப்படுவதும் அது. இதற்கு ஒரே வழி, இரண்டாவது வாரமே விளம்பரம் போட்டு, “பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள், ஆறாவது வாரம் எடுத்துக்கொள்ளலாம்” என்று தேதியை அதிலேயே எழுதுவது. விலையில் கால் பங்கு முன்பணம் நியாயம். ஓடுகிற மெஷினைப் பார்க்கிறவர் காத்திருப்பார். கழற்றி மூலையில் சாத்தி வைத்த மெஷினுக்கு யாரும் காத்திருக்க மாட்டார்கள்.

காட்டுவதற்கு முன் ஒரு அரை நாள் ஒதுக்குங்கள். சுங்கான் பட்டறை லேத்தில் மரத்தூளும் எபோனைட் தூளும் எண்ணெயோடு குழைந்து சேடிலுக்கு (உளியைத் தாங்கி நகரும் பாகம்) அடியில் பசையாக உட்கார்ந்திருக்கும். சேடில் ஓடும் இரும்புப் படுக்கையான பெட்டை அது உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். சேடிலைக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, புது எண்ணெய் போடுங்கள். பிறகு சேடிலை சக் பக்கம் கொண்டுவந்து ஆட்டம் இல்லாமல் கிப்பை (ஆட்டத்தைக் குறைக்கும் பட்டை) இறுக்கி, அப்படியே எதிர்முனையில் உள்ள டெயில்ஸ்டாக் பக்கம் தள்ளிப் பாருங்கள். நடுவழியில் இறுகினால் சக் பக்கத்துப் பெட் தேய்ந்திருக்கிறது. அதை மறைக்க வேண்டாம். தெரிந்தவர் வந்தால் முதலில் செய்து பார்ப்பதும் இதைத்தான்.

கோணலை முள்ளால் காட்டும் டயல் கேஜை சக்கில் கடித்த கம்பியின் மேல் வைத்துக் காட்டினால் உங்களுக்குத்தான் நஷ்டம். தேய்ந்த தாடையின் கோணலையெல்லாம் லேத்தின் தலையில் கட்டுவார்கள். சக்கைக் கழற்றி, சக் மாட்டும் சுழல்தண்டான ஸ்பிண்டிலின் மூக்கில் கேஜை வைத்து வீடியோ எடுங்கள். முள் 0.02 மி.மீ.க்குள் நின்றால் பேரம் அங்கேயே முடிந்தது. மோட்டார் சுவிட்ச் போட்டதும் கிளம்பாமல் ‘ம்ம்’ என்று முனகினால் பெரும்பாலும் கெப்பாசிட்டர் போயிருக்கும். எஸ்.பி. ரோட்டில் சில நூறு ரூபாயில் கிடைக்கும். மாற்றாமல் காட்டினால் மோட்டாரே போச்சு என்று சொல்லி ஆயிரக்கணக்கில் குறைப்பார்கள். மூன்று தாடை சக்கைத் தனியாக விற்கும் ஆசையும் வேண்டாம். சக்கை ஸ்பிண்டிலோடு சேர்க்கும் பேக் பிளேட் அந்த ஸ்பிண்டிலுக்கென்றே கடைந்தது, சக் இல்லாத லேத் நொண்டிக் குதிரை.

“லேத்தையே கப்பலில் ஏற்றினால் என்ன?” என்று கேட்பீர்கள். வேண்டாம். இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். கனடா வீட்டில் சாதாரண பிளக்கில் வருவது 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். 240 வோல்ட் லைன் தனியாக இழுத்தாலும் 60 ஹெர்ட்ஸில் மோட்டார் ஐந்தில் ஒரு பங்கு வேகமாக ஓடும். 1440 ஆர்.பி.எம். மோட்டார் 1730-ஐத் தொடும். பாலிஷ் மோட்டாருக்கும் இதே கதைதான், அங்கே வேகம் கூடினால் எபோனைட் சூடேறி இழுபடும். மோட்டார் உள்ள எதையும் இங்கேயே விடுங்கள். மர லேத்தும் உளிகளும் இருந்தால் சென்னப்பட்டணத்தில் கேட்டுப் பாருங்கள். 60 கிலோமீட்டர்தான், நாம் வெட்பாலை என்று சொல்லும் மரத்தில் ஊர் முழுக்கக் கடைசல் நடக்கிறது. பிராண்டுக்கு அங்கே மதிப்பு எதிர்பார்க்காதீர்கள்.

பிரையருக்கு வருவோம். நல்ல கட்டைகளை விற்கவே விற்காதீர்கள். மேல்தோல் சொரசொரப்பாக விட்ட பெரிய பிளாட்டோ கட்டை ஒன்று 300, 400 கிராம்தான் இருக்கும். முப்பது கட்டை ஒரு சூட்கேஸ். வருஷக்கணக்கில் உங்கள் அலமாரியில் காய்ந்த மரத்துக்கு இங்கே கத்திப்பிடி விலைதான் கிடைக்கும். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிரையர் என்பது எரிகா ஆர்போரியா என்ற புதரின் வேர்முடிச்சு. மண்ணுக்குள் வளர்ந்தது, அதனால் அந்தச் சொரசொரப்பின் இடுக்கில் மத்தியதரைக்கடல் மண் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும். கனடாவுக்குள் மண் வரக் கூடாது. பல் துலக்கும் பிரஷ் போதாது, பித்தளைக் கம்பி பிரஷ்ஷால் உலர்வாகவே தேய்த்து, காற்றடித்து, வெள்ளைத் தாளின் மேல் தட்டிப் பாருங்கள். துகள் விழுந்தால் மறுபடி தேயுங்கள். தண்ணீரில் கழுவினால் ஓரம் வெடிக்கும். பொடிப்பொடியாக மாவு கொட்டும் சின்ன ஓட்டை தெரிகிற கட்டை, பிரையரோ வேறு மரமோ, வண்டு விழுந்தது. அது ஊர் தாண்டக் கூடாது. கட்டை வாங்கிய பில்லை மேலேயே வையுங்கள், மரம் என்னவென்று அதிகாரிக்கு அது சொல்லும்.

எது நல்ல கட்டை என்று பிரிக்க, ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் ரேகை எழும்பும், காய்வதற்குள் படமும் எடுத்துவிடலாம். பக்கவாட்டில் நேர்ரேகையும் மேலே புள்ளிப்புள்ளியாகவும் தெரிபவை பெட்டிக்கு. ஓரத்தில் மணல்குழி (மரத்தில் இருக்கும் சின்னப் பள்ளம்) தெரிபவை கத்திக்காரருக்கு.

அலங்கார வளையத்துக்கு வைத்திருக்கும் துண்டுகளில்தான் ஆபத்து. எருமைக் கொம்பு பரவாயில்லை. மான் கொம்பு, அது காட்டில் தானாக உதிர்ந்ததே ஆனாலும், 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வியாபாரத்துக்கு ஆகாது. தந்தமும் அப்படியே, பழைய பைப்பில் ஒட்டியிருக்கும் சின்ன வளையம்கூட. ஈட்டி, அதாவது ரோஸ்வுட், 2017 முதல், அழியும் ஆபத்துள்ள உயிர்களின் வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் உலகளாவிய சைட்டிஸ் ஒப்பந்தத்தின் பட்டியலில் இருக்கிறது. செம்மரமும் பட்டியலில் உண்டு. காகிதம் இல்லாத துண்டைப் பெட்டியில் போட வேண்டாம். நூறு ரூபாய்த் துண்டுக்காக விமான நிலையத்தில் பெட்டி முழுவதையும் பிரித்துக் கொட்ட வைக்காதீர்கள்.

பாதியில் நிற்பவற்றுக்கு விலையே கிடையாது. துளை போட்ட கிண்ணத்துக்கு முளை ஒன்றொன்றாகப் பொருத்த வேண்டும், அதை வாங்கி யார் முடிப்பார்கள்? முதல் வாரமே புதுக் கட்டையில் துளை போடுவதை நிறுத்துங்கள். லேத் கையைவிட்டுப் போகும்வரை முளை பொருத்தும் வேலையை மட்டும் செய்யுங்கள். அரமும் உப்புத்தாளும் எங்கேயும் போகவில்லை, வடிவம் கொடுப்பதை அங்கே போய்ச் செய்யலாம். ஒரு கிண்ணத்தின் எடை கொஞ்சம்தான்.

முடித்த பைப்பை இங்கே விற்பதானால் படம் மட்டும் போதாது. மொத்த நீளம், எடை, கிண்ணத்தின் உள் விட்டம், ஆழம், வாய்ப்பிடி எபோனைட்டா அக்ரிலிக்கா, மணல்குழி எங்காவது அடைத்திருக்கிறதா என்று எழுதுங்கள். வாய்ப்பிடியைக் கழற்றி முளையையும் துளையையும் காட்டும் ஒரு படமும், துப்புரவுக் கம்பி வாயிலிருந்து கிண்ணத்தின் அடிநடுவில் எட்டிப் பார்க்கும் ஒரு படமும் சேருங்கள். தெரிந்தவர் இந்த இரண்டைத்தான் பார்ப்பார். மிச்சமிருக்கும் புகையிலை டப்பாக்களை விளம்பரத்தோடு சேர்க்காதீர்கள். பைப் ஒரு மரச்சாமான், ஆனால் புகையிலைக்கு எச்சரிக்கைப் படம் வேண்டும், கர்நாடகத்தில் 21 வயதுக்குக் கீழே விற்கவும் கூடாது.

எடுத்துப்போகும் பைப்புகளை வாய்ப்பிடியைக் கழற்றித் தனித்தனியாகச் சுற்றுங்கள். பெங்களூர் மழைக்காலத்தில் பொருத்திய முளை, கனடாக் குளிரில் ஹீட்டர் ஓடும் வறண்ட வீட்டில் இறுகும். மரம் சுருங்கும்போது துளையும் சேர்ந்தே சுருங்கும். அந்த நேரத்தில் முறுக்கினால் காம்பு வெடிக்கும். போனதும் சில வாரம் விட்டு, முளையைக் கொஞ்சம் தேய்த்துப் பொருத்துங்கள்.

கனடா சுங்கத்தில், குடியேறுகிறவர் தான் பயன்படுத்திய சொந்தப் பொருட்களை வரியில்லாமல் கொண்டுபோகலாம். பொழுதுபோக்குக் கருவிகள் அதில் அடங்கும். உற்பத்தித் தொழிலுக்கென்று கொண்டுபோகும் உபகரணம் அடங்காது. விற்பதற்காக வைத்திருக்கும் பைப்புகளும் வியாபாரச் சரக்குதான். அதனால் பட்டியலை இரண்டாகப் பிரித்து உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். வரியில்லாமல் போனதை 12 மாதத்துக்குள் விற்றால் வரி கட்ட வேண்டும். பின்னால் கப்பலில் வரும் பெட்டிகளையும் முதல் நாளே பட்டியலில் காட்டிவிட வேண்டும், பிறகு சேர்க்க முடியாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஜி.எஸ்.டி. பதிவு இருந்து, லேத் வாங்கியபோது கட்டிய வரியை உள்ளீட்டு வரி வரவாக எடுத்திருந்தால், விற்கும்போது திருப்பிக் கட்ட வேண்டும். வாங்கிய தேதியிலிருந்து காலாண்டுக்கு 5 சதவீதம் கழித்து மிஞ்சும் தொகை, விற்கும் விலைக்கான வரி, இரண்டில் எது அதிகமோ அது. பதிவை ரத்துசெய்த பின் மூன்று மாதத்துக்குள் இறுதிக் கணக்கும் போட வேண்டும். ஊரைவிட்டுக் கிளம்புமுன் ஆடிட்டரிடம் ஒரு மணி நேரம் உட்காருங்கள்.

ஆன்லைனில் வாங்குகிறவர் “நான் ராணுவத்தில் இருக்கிறேன், நேரில் வர முடியாது, இந்த கியூஆரை ஸ்கேன் பண்ணுங்க, பணம் வரும்” என்றால் போனை வைத்துவிடுங்கள். யுபிஐயில் பணம் வாங்க பின் நம்பர் போட வேண்டியதே இல்லை.

லேத்தை ஏற்றும் நாளில் டெயில்ஸ்டாக்கையும் சேடிலையும் கழற்றித் தனியாக அனுப்புங்கள். பெட்டின் அடியில் பெல்ட் கொடுத்துத் தூக்க வேண்டும். சேடிலை நகர்த்தும் நீளத் திருகான லீட் ஸ்க்ரூவைப் பிடித்துத் தூக்கினால் வளைந்துவிடும், பிறகு வாங்கியவர் வாசலில் வந்து நிற்பார். டாடா ஏஸில் நிற்க வைக்காமல் பலகையோடு போல்ட் போடச் சொல்லுங்கள்.

கடைசியில் மிஞ்சுவது ஸ்பிரிட், சாயம், ஃபெவிக்விக் வகையறா, எண்ணெய்த் துணிகள். முதல் இரண்டும் விமானத்தில் போகாது, பக்கத்துத் தச்சரிடம் கொடுத்துவிடுங்கள். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணிகளை மட்டும் ஒன்றாகச் சுருட்டிக் குப்பைப் பையில் போடாதீர்கள், தானாகச் சூடேறிப் பற்றிக்கொள்ளும். ஒவ்வொன்றாக விரித்துக் கொடியில் காயப்போட்டு, விறைத்த பிறகு போடுங்கள்.