அந்தப் பழைய இணக்கம்

அன்புள்ள ஐயா,

அமெரிக்கக் கட்சிகளைப் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். முன்பெல்லாம் அங்கே இரு கட்சியினரும் கலந்து பேசிச் சட்டம் போட்டார்கள். இப்போது ஒருவர் முகத்தில் ஒருவர் விழிப்பதில்லை. ‘கட்சிகள் கட்டுக்கோப்பாக இருக்கவேண்டும்’ என்ற பேராசிரியர்கள் போட்ட விதைதானே இது?

கே.

அன்புள்ள கே.,

நீங்கள் சொல்வது 1950ல் அரசியல் அறிஞர் ஷாட்ஷ்னைடர் தலைமையிலான குழு அமெரிக்க அரசியல் அறிவியல் சங்கத்துக்காக எழுதிய அறிக்கையை. கட்சி ஒரு திட்டத்தைச் சொல்லி ஓட்டுக் கேட்கவேண்டும், ஜெயித்தால் செய்யவேண்டும், செய்யாவிட்டால் மக்கள் இறக்கிவிட வழி இருக்கவேண்டும். அவர்கள் கேட்டதன் சாரம் இதுதான்.

அதைக் கேட்கக் காரணம் இருந்தது. வடக்கின் தொழிற்சங்கங்களும் தெற்கின் நிறவெறியர்களும் ஜனநாயகக் கட்சி என்ற ஒரே குடைக்குள் இருந்த காலம் அது. தெற்கில் போட்டியே கிடையாது. அங்கிருந்து வந்தவர்களே திரும்பத் திரும்ப ஜெயித்து, மூப்பு அடிப்படையில் நாடாளுமன்றக் குழுக்களின் தலைவர்கள் ஆனார்கள். வர்ஜீனியாவின் ஹோவர்ட் ஸ்மித் அப்படி ஒருவர். எந்த மசோதா பிரதிநிதிகள் சபைக்கு வரலாம் என்று முடிவுசெய்யும் விதிகள் குழு அவர் கையில் இருந்தது. 1957ல் கறுப்பின மக்களின் உரிமைகளைக் காக்கும் குடிமை உரிமை மசோதா வந்தபோது, பண்ணையில் கொட்டகை எரிந்துவிட்டது என்று ஊருக்குக் கிளம்பிவிட்டார். தலைவர் இல்லாமல் குழு கூடாது. சொந்தக் கட்சிக்காரர்களாலேயே அவரை ஒன்றும் செய்யமுடியவில்லை. நீங்கள் ஏங்கும் இணக்கம் பெருமளவுக்குக் கறுப்பின மக்களின் உரிமையைக் கிடப்பில் போட்டுப் பெற்றது. அதற்காக என்னால் வருந்தமுடியாது.

1964ல் அந்த ஏற்பாடு உடைந்தது. அந்த ஆண்டின் குடிமை உரிமைச் சட்டத்தை மேலவையான செனட்டில் எதிர்த்த 27 பேரில் 21 பேர் ஜனநாயகக் கட்சியினர். ஆதரித்தவர்களிலும் இரு கட்சியினரும் இருந்தார்கள் என்பதையும் சொல்லவேண்டும். சில மாதங்களில் ஜனநாயகக் கட்சியின் தென் கரோலினா செனட்டர் ஸ்ட்ராம் தர்மண்ட் குடியரசுக் கட்சிக்குத் தாவினார். அவர் பின்னால் தெற்கின் வெள்ளையர் ஓட்டும் முப்பது ஆண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாக இடம் மாறியது. பிளவின் முக்கியமான வேர் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஓர் அறிக்கைக்கு அவ்வளவு பலம் ஏது?

ஆனால் பேராசிரியர்கள் பிரிட்டனை அளவுகோலாக வைத்ததில் ஒரு சிக்கல் உண்டு. அங்கே சபையில் பெரும்பான்மை உள்ளவர்தான் ஆட்சி செய்வார். அமெரிக்காவில் அதிபர், பிரதிநிதிகள் சபை, செனட் மூன்றுக்கும் தனித்தனித் தேர்தல். கட்டுக்கோப்பான கட்சிகள் அங்கே ஆளுக்கொரு கதவைப் பூட்டிக்கொள்கின்றன. 2013 அக்டோபரில் ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத் தகராறில் அரசு அலுவலகங்கள் 16 நாட்கள் முடங்கின. சட்டத்தைக் காத்த அதிபரும் எதிர்த்த பிரதிநிதிகள் சபையும் 2012ல் ஒரே நாளில் ஜெயித்து வந்தவர்கள். மக்கள் யாரை இறக்குவது?