பயந்த பிள்ளை பயத்துக்கு வைத்தியம் பார்க்கலாமா?

களுவாஞ்சிக்குடியிலிருந்து எழுதிய தாயாருக்கு வணக்கம்.

உயர்தரப் பரீட்சை மண்டபத்தில் நெஞ்சு படபடத்து, கை விறைத்து, பாதித் தாளோடு எழுந்து வந்த பிள்ளை, இப்போது நடத்தைச் சிகிச்சை (பழகிப்போன நடத்தையைப் படிப்படியாக மாற்றிச் சுகப்படுத்தும் முறை) படித்துத் தன்னைப் போன்றவர்களுக்கு உதவப் போகிறேன் என்கிறாள். தனக்கே சுகமில்லாதவள் மற்றவரை எப்படிச் சுகப்படுத்துவாள் என்று கேட்டிருக்கிறீர்கள். ஊர் என்ன சொல்லும், நாளைக்குக் கல்யாணப் பேச்சில் இந்தக் கதை வருமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கல்யாணப் பேச்சு என் வேலை அல்ல. மகளுக்கென்று கட்டுகிற வீட்டை இதற்காக நிற்பாட்ட வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு முதல் கேள்விக்கு வருகிறேன்.

பார்க்கலாம். ஆனால் இப்போதே அல்ல. 'நானும் அனுபவித்தவள்' என்ற ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டும் அல்ல.

ஸ்டீவன் ஹேய்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளரின் கதையை மகளிடம் சொல்லுங்கள். 1978ஆம் ஆண்டு, வட கரோலினாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் உளவியல் துறைக் கூட்டம். அவர் அப்போது இளம் விரிவுரையாளர். மூத்த பேராசிரியர்கள் தங்களுக்குள் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஏதோ சொல்லக் கையை உயர்த்தினார். அவர் முறை வந்தது, எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள், வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. நடத்தைச் சிகிச்சையைப் படித்த மனிதர், உளவியல் படித்தவர்கள் நிறைந்த அறையில், பேச்சு அடைத்து உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு இரண்டு மூன்று வருடம் அந்தப் பீதி பெருத்துக்கொண்டே போனது. கூட்டம், லிப்ட், உணவகம், கடைசியில் தன் சொந்த வகுப்பே பயமானது. பயம் வராமல் இருக்க அவர் செய்த ஒவ்வொரு உபாயமும் பயத்தைக் கூட்டித்தான் விட்டது. ஓடுவதை நிறுத்தினால் என்ன ஆகும் என்று பார்க்கத் துணிந்த இடத்திலிருந்துதான் ஏற்பும் உறுதியும் சார்ந்த சிகிச்சை முறை வளர்ந்தது. அதைப் பற்றிய முதல் பெரிய நூலை அவர் இருவரோடு சேர்ந்து 1999இல் வெளியிட்டார். இன்று நடத்தைச் சிகிச்சையாளர்கள் பல நாடுகளில் அந்த முறையில் வேலை செய்கிறார்கள்.

இதைக் கேட்டுவிட்டு 'பார்த்தீர்களா, பீதி வந்தவர்தானே பெரிய ஆளானார்' என்று மகள் சொல்லக்கூடும். அவரை ஆளாக்கியது பீதி அல்ல. பீதிக்குள் நின்று தான் செய்வதைத் தானே கவனித்து, பல வருடம் ஆராய்ச்சி செய்து, அதைப் பிறர் சோதித்துப் பார்க்கும் அளவுக்கு முறைப்படுத்தினாரே, அதுதான்.

சரி, மண்டபத்தில் என்ன நடந்தது என்று பார்ப்போம். நெஞ்சு படபடத்தது, எழுந்து வெளியே வந்தாள், ஐந்து நிமிடத்தில் படபடப்பு இறங்கியது. அந்த ஆறுதல்தான் பொறி. 'வெளியே வந்தால் தப்பலாம்' என்று உடம்பு படித்துக்கொண்டது. பிறகு ரியூசனுக்குப் போக மாட்டேன் என்றாள், சரி நில் பிள்ளை என்றீர்கள். தாய் மனம் அப்படித்தான் சொல்லும், அதைப் பிழை என்று சொல்ல வரவில்லை. ஆனால் ஒவ்வொரு 'நில் பிள்ளை'க்கும் பயத்தின் வேலி ஒரு முழம் உள்ளே வந்திருக்கும். இப்போது தனியாக பஸ் ஏறவும் தயங்குகிறாள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

நடத்தைச் சிகிச்சை இந்த இடத்தில்தான் கை வைக்கும். பயப்படுகிற விசயங்களைச் சின்னதிலிருந்து பெரிது வரை ஒரு தாளில் எழுதச் சொல்வார்கள். உங்கள் மகளின் தாள் இப்படி இருக்கலாம்: பஸ் நிலையத்தில் சும்மா நிற்பது, காத்தான்குடி வரை தங்கச்சியோடு போவது, கல்லடிப் பாலம் தாண்டி நகரத்துக்குத் தனியே போவது, பழைய வினாத்தாளை மூன்று மணித்தியாலம் வைத்துப் பூட்டிய அறையில் எழுதுவது. கீழேயிருந்து ஒவ்வொன்றாக. ஒவ்வொரு படியிலும் படபடப்பு வரும், வரட்டும். அது உச்சிக்கு ஏறித் தானாக இறங்கும்வரை அங்கேயே நிற்பதுதான் வேலை. பாலத்தின் நடுவில் இறங்கி ஓட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தால் பழைய பாடத்தையே இன்னொரு முறை படித்ததாகிவிடும். இதைத் தானாகச் செய்யாமல் ஒருவர் துணையோடு செய்வது நல்லது. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். அவசரத்துக்கு 1926 என்ற தேசிய இலக்கம் இருக்கிறது. நூல் கட்டுவதாக இருந்தால் கட்டுங்கள், நான் குறுக்கே நிற்கவில்லை. கிளினிக் திகதியை மட்டும் தவற விடாதீர்கள்.

இதை முதலில் சொல்லக் காரணம், இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் எதிர்க் கதிரையில் உட்கார முன் இந்தக் கதிரையில் உட்கார்ந்து பார்த்திருப்பது பெரிய உதவி. தன் தாளைத் தானே ஏறிய பிள்ளைக்கு, இன்னொரு பிள்ளை மூன்றாம் படியில் அழும்போது எவ்வளவு பொறுக்கலாம், எப்போது 'இன்றைக்குப் போதும்' என்று சொல்லலாம் என்ற கணக்குச் சீக்கிரம் பிடிபடும்.

'இதையெல்லாம் வெளியில் சொல்ல வேண்டுமா' என்ற உங்கள் கேள்விக்கு இன்னொரு வாழ்க்கை பதில் சொல்லும். மார்ஷா லினஹன் என்ற அமெரிக்க உளவியலாளர், 1943இல் பிறந்தவர். பதினேழு வயதில், 1961இல், கனெக்டிகட் மாநிலத்தில் ஒரு மனநல வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டு இரண்டு வருடத்துக்கு மேல் உள்ளே இருந்தார். தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் அளவு துன்பம். வெளியே வந்து, இரவு வகுப்பில் படித்து, 1971இல் கலாநிதிப் பட்டம் பெற்று, சியாட்டில் நகரில் வோஷிங்டன் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். தான் ஒரு காலம் இருந்த நிலையில் இருப்பவர்களுக்கே சிகிச்சை செய்யப் போனார். 'மாறு, மாறு' என்று நடத்தைச் சிகிச்சையை மட்டும் கொடுத்தபோது, எங்களில்தான் பிழை என்கிறீர்களா என்று அவர்கள் முறைத்தார்கள். ஏற்றுக்கொள்கிறேன் என்று அனுதாபத்தை மட்டும் கொடுத்தபோது எதுவுமே மாறவில்லை. இரண்டையும் ஒரே கையில் பிடிக்கிற முறையை அவர் உருவாக்கினார். 1993இல் அதற்கான பாடநூல் வந்தது. உள்ளதை உள்ளபடி ஏற்கும் பயிற்சியைச் சென் பௌத்தத்திலிருந்தும் எடுத்தார்.

தன் கதையை அவர் வெளியில் சொன்னது 2011இல், 68 வயதில், தான் நோயாளியாக இருந்த அதே வைத்தியசாலையில். அதற்கு முன் பல பத்தாண்டுகள் அவர் உலகறிய எதுவும் சொல்லவில்லை, அதனால் அவருடைய சிகிச்சை குறைந்துவிடவும் இல்லை. ஆகவே மகள் நேர்முகப் பரீட்சையில் ஒப்புக்கொடுக்க வேண்டிய கடன் எதுவும் இல்லை. ஊருக்கும் இல்லை. யாரிடம், எப்போது, எவ்வளவு என்பது அவள் கையில். தன்னிடம் மறைக்காமல் இருந்தால் போதும்.

வேலை எப்படி இருக்கும்? கல்முனையில் ஒரு வீட்டைக் கற்பனை செய்யுங்கள். நாலு வயதுப் பிள்ளை, பேச்சு இன்னும் வரவில்லை. உம்மா சோறு தீத்தும்போது தட்டைத் தட்டி விடுகிறான். சிகிச்சையாளர் பாயில் உட்கார்ந்து கொப்பியில் எழுதுகிறார்: தட்டுவதற்கு முன் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், அதன் பிறகு அவனுக்கு என்ன கிடைத்தது. சில நாள் எழுதியதும் விசயம் தெரிகிறது. தட்டு விழுந்ததும் அவனை அமத்தப் போன் கொடுக்கப்படுகிறது. தட்டைத் தட்டுவதுதான் அவனுக்குப் போன் கேட்கும் பாசை. அடிக்கவும் தேவையில்லை, கொஞ்சவும் தேவையில்லை; உம்மாவின் கையைத் தொட்டால், அல்லது ஒரு படத்தை எடுத்துக் கொடுத்தால் கேட்டது கிடைக்கும் என்று பழக்க வேண்டும். தட்டினால் போன் வராது.

இனித்தான் கஷ்டம். பழைய வழி பலிக்காதபோது பிள்ளை முதலில் இன்னும் பலமாகத் தட்டுவான். எந்தப் பாடநூலும் இதை எச்சரிக்கும். நாலாம் நாள் மூத்தம்மா தாங்க மாட்டாமல் போனைக் கொடுத்துவிட்டு, 'நீ பிள்ளை பெத்தவளா?' என்று சிகிச்சையாளரைக் கேட்பார். முகம் சுருங்காமல் அவருக்கும் தேநீர் நேரத்தில் விளக்கி, அடுத்த நாள் மீண்டும் கொப்பியோடு போக வேண்டும். இந்தக் கரையில் வேலை செய்வதானால் தமிழர் வீட்டுப் பேச்சும் முஸ்லிம் வீட்டுப் பேச்சும் காதுக்குப் பழகியிருக்க வேண்டும். களுவாஞ்சிக்குடிப் பிள்ளைக்கு அது தானாக வரும், கொழும்பிலிருந்து வருகிறவர் பல காலம் தடுமாறுவார்.

ஓட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கான நடத்தைச் சிகிச்சையில் ஒரு பழைய சர்ச்சையும் உண்டு. 1987இல் லோவாஸ் என்ற உளவியலாளரின் புகழ்பெற்ற ஆய்வு, வாரம் நாற்பது மணித்தியாலம் பயிற்சி கொடுத்தது, தண்டனையும் அதில் இருந்தது. பின்னாளில் ஓட்டிசம் உள்ள பெரியவர்களே எழுந்து, எங்களை எங்களாக இருக்க விடாமல் மற்றவர்களைப் போல நடிக்கப் பழக்கினீர்கள் என்றார்கள். கையை ஆட்டுகிற பிள்ளையின் கையை நிறுத்துவதா, அல்லது அவனுக்கு வயிறு வலிக்கிறது என்று சொல்லும் வழியைக் கொடுப்பதா? எனக்கு இரண்டாவதுதான் சிகிச்சை. தன் படபடப்போடு சமாதானமாகியிருந்தால் உங்கள் மகளும் அந்தப் பக்கம்தான் நிற்பாள்.

இனிப் படிப்பு. உயிரியல் பிரிவில் இசட் புள்ளி நன்றாக வந்தால் களனிப் பல்கலைக்கழகத்தின் ராகம மருத்துவ பீடத்தில் பேச்சு, கேட்டல் விஞ்ஞானப் பட்டம் இருக்கிறது. நடத்தை முறைகள் அங்கே தினசரி வேலையோடு வரும். உளவியல்தான் வேண்டுமென்றால் பேராதனை, கொழும்பு, யாழ்ப்பாணம் ஆகிய பல்கலைக்கழகங்களின் கலைப் பீடங்களைப் பாருங்கள். திறந்த பல்கலைக்கழகத்திலும் உளவியல் பட்டம் உண்டு, அதற்கு மட்டக்களப்பில் பிராந்திய நிலையம் இருப்பதால் வீட்டை விட்டுத் தூரம் போக இப்போது தைரியம் போதாத பிள்ளைக்கு அது கைகொடுக்கும். எதுவானாலும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அந்தந்த வருடக் கைநூலில் தகைமையைப் பார்த்துவிட்டு நிரப்புங்கள், பக்கத்து வீட்டு அண்ணனின் போன வருடக் கணக்கை நம்ப வேண்டாம். பட்டத்தின் பின் சிகிச்சை உளவியலில் எம்.ஃபில் முடித்து இலங்கை மருத்துவ சபையில் பதிவது நீண்ட வழி, ஆனால் உறுதியான வழி. ஆங்கிலத்தை இன்றே தொடங்கட்டும், மேற்படிப்பு அதில்தான்.

இணையத்தில் 'நாற்பது மணித்தியாலத்தில் சர்வதேச நடத்தைச் சிகிச்சையாளர்' என்று விற்கிறார்கள். காசு கட்டுமுன் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: அந்தத் துறையின் பிரபலமான அமெரிக்கச் சான்றிதழ்ச் சபை 2023 தொடக்கம் அமெரிக்கா, கனடா போன்ற ஓரிரு நாடுகளில் இருப்பவர்களுக்கு மட்டும் என்று தன் கதவைச் சுருக்கிவிட்டது. பயிற்சி வகுப்பில் நாலு விசயம் படிக்கலாம், ஆனால் இங்கிருந்துகொண்டு அந்தச் சான்றிதழ் எடுக்கலாம் என்று சொல்கிறவரிடம் எழுத்தில் கேளுங்கள். மூன்று மாத உளவளத்துணை டிப்ளோமாவைச் சுவரில் மாட்டி, நேரே ஆட்களுக்குச் சிகிச்சை செய்யத் தொடங்குவது எனக்குச் சம்மதமில்லை. தன் காயம் ஆறாத பிள்ளைக்கு அது இரட்டை ஆபத்து: வருகிறவரின் அழுகையில் தன் அழுகை கிளம்பும், பக்கத்தில் கேட்க மூத்தவர் ஒருவரும் இருக்க மாட்டார். லினஹன் தன் முறையில் சிகிச்சையாளர்களுக்கே ஒரு குழுவைக் கட்டாயமாக்கினார். சிகிச்சையாளர்கள் தவறாமல் கூடி ஒருவரை ஒருவர் தாங்குவது அதில் சிகிச்சையின் ஒரு பகுதி.

மகளுக்கு இரண்டு வரி. மகள், இரண்டாம் தடவைக்கு விண்ணப்பம் போடுங்கள். பரீட்சை வரும்வரை பக்கத்துப் பாடசாலையில் விசேட கல்வி அலகு இருந்தால் அதிபரிடம் கேட்டு, வாரத்தில் ஒரு காலை அங்கே போய் இருங்கள். பிள்ளைகளுக்கு எதுவும் கற்பிக்க வேண்டாம், ஆசிரியை செய்வதைப் பார்த்துக் கொப்பியில் எழுதுங்கள். பிடித்திருக்கிறதா, களைத்துப் போகிறீர்களா என்று அந்தக் கொப்பியே காட்டும். அங்கே போக பஸ் ஏற வேண்டும் என்றால் உங்கள் தாளில் அதையும் ஒரு படியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தாயாருக்கு: முதல் நாள் பஸ் நிலையம் வரை போங்கள், ஏற்றிவிட்டுத் திரும்பி வாருங்கள். அவள் இறங்கியதும் போன் எடுக்கட்டும், நீங்கள் இடையில் எடுக்க வேண்டாம். பெறுபேறு வந்ததும் இசட் புள்ளியையும் மாவட்ட நிலையையும் எழுதி அனுப்புங்கள், விண்ணப்பத்தில் எதை முன்னால் போடுவது என்று சேர்ந்து பார்ப்போம்.