முதலில் வயரைக் கழற்றுங்கள்

கேள்வி: எங்கள் அலுவலக டெஸ்க்டாப்பில் 500 ஜிபி எஸ்எஸ்டியில் விண்டோஸ் 11 இருக்கிறது. டேலி கணக்கு முழுக்க அதில்தான். பொறியியல் படிக்கும் மகனுக்கு லினக்ஸ் வகையான உபுண்டு வேண்டுமாம். அதற்கென்று தனியாக 480 ஜிபி எஸ்எஸ்டி வாங்கியாயிற்று. டிஸ்க் இரண்டு என்பதால் டேலிக்கு ஆபத்து இல்லைதானே?
- வாசகி, விருத்தாசலம்

பதில்: அந்த நம்பிக்கையில்தான் நான் ஒருமுறை மூக்குடைபட்டேன். அக்கா வீட்டுக் கம்ப்யூட்டரில் இரண்டு டிஸ்க்கும் மாட்டியிருக்கும்போதே லினக்ஸை இரண்டாவதில் போட்டேன். ஆறு மாதம் ஜம்மென்று ஓடியது. அப்புறம் விண்டோஸ் டிஸ்க் பழசாகிவிட்டதே என்று கழற்றி எடுத்தேன். ஆன் செய்தால் கறுப்புத் திரை, பூட் செய்ய டிஸ்க்கே இல்லை என்று ஒரு வரி. அக்கா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

லினக்ஸ் என்னவோ இரண்டாவது டிஸ்க்கில் பத்திரமாகத்தான் இருந்தது. அதை எழுப்பிவிடும் கிரப் என்ற சின்ன புரோகிராம் மட்டும் விண்டோஸ் டிஸ்க்கில் போய் உட்கார்ந்திருந்தது. பூட் செய்யும் புரோகிராம்களை வைக்க, விண்டோஸ் டிஸ்க்கில் 100 எம்பி அளவில் இஎஃப்ஐ பார்ட்டிஷன் என்று ஒரு தனிப் பகுதியை வைத்திருக்கும். நாம் எந்த டிஸ்க்கைக் காட்டினாலும், சில இன்ஸ்டாலர்கள் முதலில் கண்ணில் படும் இஎஃப்ஐயிலேயே கிரப்பை வைத்துவிடும்.

அதனால், உபுண்டு போடும் நேரத்தில் விண்டோஸ் டிஸ்க் கம்ப்யூட்டரின் கண்ணிலேயே படக் கூடாது. சுவரில் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியைத் திறங்கள். சாட்டா எஸ்எஸ்டி என்றால் இரண்டு வயர் போகும்: அகலமானது கரண்டுக்கு, குறுகலானது டேட்டாவுக்கு. குறுகலானதை, கிளிப் இருந்தால் அதை அழுத்திக்கொண்டு, உருவினால் போதும். உங்களுடையது போர்டிலேயே செருகிய எம்.2 குச்சியா என்று எழுதவில்லை. அப்படியானால் கடுகு மாதிரி ஒரு ஸ்குரூ இருக்கும். காந்த ஸ்குரூ டிரைவர் இல்லாமல் அதில் கை வைக்காதீர்கள். விழுந்தால் போர்டுக்கு அடியில் தேடி அலைய வேண்டியதுதான்.

உபுண்டு ஏறி, தனியாக ஒருமுறை பூட் ஆனதும், மறுபடி பிளக்கைப் பிடுங்கிவிட்டு வயரை மாட்டுங்கள். பயாஸில் (விண்டோஸ் வருவதற்கு முன் திறக்கும் போர்டின் செட்டிங்ஸ் திரை) விண்டோஸ் டிஸ்க்கை முதலாவதாக வையுங்கள், காலையில் ஆன் செய்தால் நேராக டேலிக்குப் போகலாம். மகனுக்கு வேண்டும்போது அவர் பூட் மெனுவைத் திறந்து மற்ற டிஸ்க்கைத் தேர்ந்தெடுக்கட்டும். டெல், லெனோவோ என்றால் பெரும்பாலும் எஃப்12, எச்பி என்றால் எஃப்9.

இத்தனைக்கும் முன்னால், டேலி டேட்டாவுக்கு பென் டிரைவில் ஒரு பேக்கப். டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். போட்டிருந்தால் அந்த 48 இலக்க ரெக்கவரி எண்ணைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். பயாஸில் ஏதாவது மாற்றினால் விண்டோஸ் அதைக் கேட்டு வழிமறிக்கலாம். பவர் ஆப்ஷன்ஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பையும் அணைத்துவிடுங்கள். அது இருந்தால் ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுசாக அணையாது, அந்த டிஸ்க்கில் உபுண்டுவிலிருந்து எழுதவும் முடியாமல் போகலாம்.

கேள்வி: லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குத் திரும்பினால் மதியம் 3 மணிக்கு 9.30 காட்டுகிறது. பேட்டரி போய்விட்டதா?
- வாசகர், காரைக்குடி

பதில்: பேட்டரி பாவம், அதை விடுங்கள். போர்டில் உள்ள கடிகாரத்தில் லினக்ஸ் யுடிசி எனும் உலகப் பொது நேரத்தை வைக்கிறது. விண்டோஸ் அதை நம்மூர் நேரம் என்று படிக்கிறது. அந்த ஐந்தரை மணி நேரம்தான் இது. லினக்ஸில் டைம்டேட்சிடிஎல் கட்டளையில் லோக்கல் ஆர்டிசியை (போர்டு கடிகாரத்தில் நம்மூர் நேரத்தை வைக்கும் செட்டிங்) 1 ஆக்கினால் சரியாகிவிடும்.