கொலையாளி யார் என்று தெரிந்த பிறகு

அன்புள்ள ஐயா,

பள்ளி நாட்களிலிருந்தே எனக்குக் கதைப் பைத்தியம். துப்பறியும் கதை, திகில் கதை, சரித்திரத் தொடர், குடும்ப நாவல் என்று கையில் கிடைப்பதை எல்லாம் படித்துவிடுவேன். ஒரே நேரத்தில் மூன்று நான்கு புத்தகங்கள் ஓடிக்கொண்டிருக்கும். முடித்ததும் தலைப்பையும் தேதியையும் ஒரு நோட்டில் எழுதி வைப்பேன். எப்படியும் வருடத்துக்கு நூறைத் தொட்டுவிடுகிறது. சமீபத்தில் பழைய நோட்டைப் புரட்டினேன். பாதித் தலைப்புகளுக்குக் கதையே நினைவுக்கு வரவில்லை. இலக்கியம் படிக்கும் தோழி ஒருத்தி, ‘நீ செய்வது வாசிப்பே இல்லை, வெறும் பொழுதுபோக்கு’ என்கிறாள். அவள் தரும் நாவல்களோ ஐம்பது பக்கத்துக்கு மேல் நகர மறுக்கின்றன. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: பதற்றம் தாங்காமல் பல சமயம் கடைசி அத்தியாயத்தை முதலிலேயே படித்துவிடுவேன். வணிக எழுத்தை விட்டால்தான் நல்ல வாசகியாக முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?

ர.

அன்புள்ள ர.,

விட வேண்டாம். அதற்காக உங்கள் தோழிக்கு எதிராக நான் சாட்சி சொல்ல வருவேன் என்று எதிர்பார்க்காதீர்கள். ‘எதைப் படித்தாலும் வாசிப்புதான்’ என்ற பேச்சு இப்போது எங்கும் கேட்கிறது. கேட்க இதமாக இருக்கும். எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. படைப்புகளுக்குள் உயர்வு தாழ்வு உண்டு. அதைச் சொல்ல வெட்கப்படும் சூழலில் விமர்சனம் என்று ஒன்று மிஞ்சாது.

ஆனால் உங்கள் தோழி கோட்டைத் தவறான இடத்தில் போடுகிறார். விறுவிறுப்பு, தொடர்கதை, அத்தியாய முடிவில் ஒரு முடிச்சு, கொலை, துப்பு ஆகியவற்றை எல்லாம் ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு மறுபக்கம் இருப்பதே இலக்கியம் என்கிறார். அவர் பெரிதும் மதிக்கும் ருஷ்யர்களையே எடுத்துக்கொள்வோம். 1866இல் ஒரே ருஷ்ய இதழில் தஸ்தயேவ்ஸ்கியின் ‘குற்றமும் தண்டனையும்’ தொடராக வந்தது. தல்ஸ்தோயின் ‘போரும் அமைதியும்’ நாவலின் தொடக்கப் பகுதிகளும் அந்த ஆண்டு அதே இதழில் வந்தன. அந்த வாசகர்களும் உங்களைப் போலத்தான் அடுத்த இதழுக்குக் காத்திருந்தார்கள். ‘குற்றமும் தண்டனையும்’ நாவலில் கோடாரிக் கொலை இருக்கிறது. சந்தேகத்தோடு சுற்றிச் சுற்றி வரும் விசாரணை அதிகாரியும் இருக்கிறார். உங்கள் நோட்டில் உள்ள நாவல்களில் இருக்கும் சாமான்கள் எல்லாம் அங்கேயும் உண்டு.

வேறுபாடு, தஸ்தயேவ்ஸ்கி அவற்றை எங்கே வைக்கிறார் என்பதில் இருக்கிறது. வழக்கமான துப்பறியும் கதை, பிணத்தைத் தொடக்கத்தில் காட்டிவிட்டுக் கொலையாளியின் பெயரைக் கடைசிவரை பொத்தி வைக்கும். தஸ்தயேவ்ஸ்கி ஆறு பாகங்களில் முதல் பாகம் முடிவதற்குள் கொலையை நம் கண்ணெதிரே நடத்திவிடுகிறார். செய்தவன் யார் என்பது தெரியும். அவன் மூளையில் ஓடும் காரணங்களும் தெரியும். பிறகு ஏன் இன்னும் ஐந்து பாகங்கள் படிக்கிறோம்? அவன் பிடிபடுவானா என்ற கேள்வி சற்று தூரம்தான் இழுக்கிறது. செய்ததைச் சுமந்துகொண்டு ஒருவனால் எப்படி உயிரோடு இருக்க முடிகிறது என்ற கேள்வி அதற்குப் பிறகு நம்மைப் பிடித்துக்கொள்கிறது. புத்தகம் முடிந்தாலும் அது தீராது.

உங்கள் மறதிக்கு இப்போது வருகிறேன். அதைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்படாதீர்கள். மகத்தான நாவல்களின் கதைப்போக்கும் எனக்கு மறந்துதான் போகிறது. ஆனால் ஏதாவது ஒரு முகம், ஓர் அறை, யாரோ யாரிடமோ பேச முடியாமல் திரும்பி வந்த ஒரு கணம் தங்கிவிடுகிறது. உங்கள் நோட்டில் உள்ள பாதித் தலைப்புகளில் எதுவுமே தங்கவில்லை என்றால், அந்த நாவல்களில் ஒரே ஒரு கேள்விதான் இருந்திருக்கிறது. விடை கிடைத்தவுடன் கேள்வி போய்விட்டது, கூடவே புத்தகமும். குறுக்கெழுத்துப் புதிரின் கட்டங்களை நிரப்பி முடித்த பிறகு அதை யார் எடுத்து வைக்கிறார்கள்?

வணிக எழுத்தின் எல்லை எளிமையில் இல்லை. சிக்கலான கதைக் கட்டுமானம் பலவற்றில் பிரமாதமாக இருக்கும். கொடுத்த வாக்கை அது மீற முடியாது என்பதே அதன் எல்லை. கானன் டாயில் 1893இல் ஷெர்லாக் ஹோம்ஸை அருவியில் தள்ளிக் கதையை முடித்தார். தன்னுடைய சரித்திர நாவல்களையே அவர் உயர்வாக நினைத்தார். இந்தத் துப்பறிவாளர் தன்னை வேறு எதையும் செய்யவிடாமல் இழுத்துப் பிடிக்கிறார் என்பது அவருடைய குறை. வாசகர்கள் விடவில்லை. 1903இல் ஹோம்ஸ், அருவியில் விழவே இல்லை என்ற விளக்கத்தோடு திரும்பி வந்தார். அந்த உலகத்தில் நாயகனுக்குச் சாகக்கூட உரிமை கிடையாது. வாசகருக்குப் பிடித்தது திரும்பத் திரும்ப நடந்தாக வேண்டும். நல்ல எழுத்தாளருக்கு அது சிறை. வாசகருக்கோ அது சுகம். அந்தச் சுகம் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். நாவல் எழுதிக்கொண்டிருக்கும் மாதங்களில் நான் துப்பறியும் கதைகள் மட்டுமே படிப்பேன். வேறு எதைப் படித்தாலும் அந்த நடை என் கையில் ஒட்டிக்கொண்டுவிடும்.

இந்த எல்லையை உள்ளே இருந்தபடியே மீறியவர்களும் உண்டு. உங்கள் சரித்திரத் தொடர் பட்டியலில் ‘பொன்னியின் செல்வன்’ நிச்சயம் இருக்கும். 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வந்த தொடர். வெகுஜன எழுத்தின் எல்லா உத்திகளும் அதில் இருக்கின்றன: மாறுவேடம், சுரங்கப்பாதை, மறைந்திருந்து கேட்பது, ஆபத்தின் உச்சியில் அத்தியாயத்தை நிறுத்துவது. இத்தனையும் செய்த கல்கி, ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்பதை மட்டும் ஐயத்துக்கு இடமில்லாமல் சொல்லவில்லை. அத்தனை வாரங்கள் காத்திருந்த வாசகர்களிடம் அப்படிச் செய்யத் துணிச்சல் வேண்டும். இன்றும் இதை வைத்துச் சண்டை போடுகிறார்கள். அந்த நாவலில் எத்தனையோ இடங்களில் எனக்கு விமர்சனம் உண்டு. குந்தவையும் வானதியும் பேசும் காட்சிகளில் பல எனக்கு இனிப்பு அதிகம். ஆனால் அந்தக் கொலையைச் சுற்றிய இருட்டு அசலானது.

கடைசி அத்தியாயத்தை முதலில் படிப்பதைப் பற்றிச் சொல்லியிருந்தீர்கள். உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கவர்ந்தது அதுதான். முடிவு தெரிந்த பிறகும் நீங்கள் முழுப் புத்தகத்தையும் படிக்கிறீர்கள், இல்லையா? அப்படியானால் யார் என்ற கேள்வியைத் தவிர வேறு எதற்காகவோ படிக்கிறீர்கள். அது எதற்காக என்று நீங்கள் கவனிக்கவில்லை, அவ்வளவுதான். ஒரு காரியம் செய்யுங்கள். முதல் தடவை பொறுமையாக வரிசைப்படி படியுங்கள். முடிந்த உடனே, நோட்டில் எழுதுவதற்கு முன்பு, மறுபடி முதல் பக்கத்துக்குப் போங்கள். துப்பறியும் கதைகளுக்கு 1929இல் பத்து விதிகள் எழுதிய ரொனால்ட் நாக்ஸ், குற்றவாளி கதையின் தொடக்கப் பகுதியிலேயே வந்திருக்க வேண்டும் என்பதை முதல் விதியாக வைத்தார். அப்படியென்றால் அந்த ஆள் உங்கள் கண்முன்னேதான் நடமாடியிருக்கிறார். ஆசிரியர் உங்கள் பார்வையை எந்த வரியில் வேறு பக்கம் திருப்பினார் என்று தேடுங்கள். அகதா கிறிஸ்டி 1926இல் எழுதிய ரோஜர் அக்ராய்ட் கொலை நாவலை இரண்டாம் முறை படித்தால், முதல் முறை சாதாரணமாகத் தாண்டிப்போன சில வரிகள் திடுக்கிட வைக்கும். இதற்கு மேல் சொன்னால், அதை இன்னும் படிக்காதவர்கள் எனக்குக் கோபக் கடிதம் எழுதுவார்கள்.

இப்படி நாலைந்து புத்தகங்களைப் படித்தால் உங்கள் எண்ணிக்கை குறையும். குறையட்டும். நூறு என்பது உங்களை விரட்டுகிறது என்று சந்தேகப்படுகிறேன். தோழி தந்த நாவல்கள் ஐம்பதாம் பக்கத்தில் நிற்பதற்கும் இந்த ஓட்டம்தான் காரணமாக இருக்க வேண்டும். அடுத்து என்ன நடக்கும் என்று காத்திருக்கிறீர்கள். அங்கே நடப்பது ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது, ஒரு பேச்சின் தொனியில், ஒருவர் சொல்லாமல் விட்டதில். ஒரே சமயத்தில் நான்கு புத்தகங்கள் படிப்பது துப்பறியும் கதைகளுக்குச் சரிவரும். இந்த வகை நாவலுக்கு மற்ற மூன்றையும் தள்ளி வைக்க வேண்டும்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டீர்கள். ‘குற்றமும் தண்டனையும்’ எம்.ஏ. சுசீலாவின் மொழிபெயர்ப்பில் தமிழில் இருக்கிறது. கொலைக்கதைகள் படித்துப் பழகியவருக்கு அதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியவில்லை. முதல் பாகத்தை மட்டும் படியுங்கள். கோடாரி வரை உங்களுக்குப் பழகிய பாதைதான். அதன் பிறகும் பக்கத்தைப் புரட்டத் தோன்றவில்லை என்றால் மூடி வைத்துவிட்டு உங்கள் துப்பறிவாளர்களிடமே போய்விடுங்கள். தோழியிடம் நான் அனுமதி கொடுத்ததாகச் சொல்லலாம்.