ஐஸ் ஆகர் பிளேடு மழுங்கினால் வீட்டிலேயே தீட்டலாமா?

சென்ற குளிர்காலத்தில் வாங்கிய கை ஆகர் (மீன்பிடிக்க உறைந்த ஏரியின் பனிக்கட்டியில் துளையிடும் கருவி) இந்த ஆண்டு கனடாவின் சிம்கோ ஏரியில் இறங்க மறுக்கிறது, பிளேடை வீட்டில் தீட்டலாமா, புதிதாக வாங்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அது உண்மையிலேயே மழுங்கியிருக்கிறதா என்பதை முதலில் பார்த்துவிடுங்கள். ஒரு துளையை முடித்துவிட்டு அடுத்த இடத்துக்கு நடப்பதற்குள் ஈரமான பிளேடின் மேல் மெல்லிய படலம் உறைந்து விளிம்பை மூடிவிட்டால், கூர்மையான பிளேடும் வழுக்கிச் சுற்றுமே தவிர இறங்காது. அந்தப் படலத்தை உதிர்க்கப் பலர் ஆகரைப் பனிக்கட்டியில் தட்டுகிறார்கள். விளிம்பு சிதைவதற்கு அதுவே போதும். முன்பு போட்ட துளையின் நீரில் சற்று நேரம் அமிழ்த்திவைத்துவிட்டு, எடுத்தவுடன் துளையிடத் தொடங்குங்கள்.

படலம் இல்லாதபோதும் இறங்கவில்லை, சீவல்களுக்குப் பதில் மாவு போன்ற தூளே வெளிவருகிறது என்றால் மழுங்கிவிட்டது என்று கொள்ளலாம். தூய பனிக்கட்டி எஃகை எளிதில் தேய்ப்பதில்லை, கெடுப்பது மணல்தான். கரையோரத்தில் காற்று கொண்டுவந்த மண் பனிக்கட்டிக்குள்ளேயே உறைந்து கிடக்கும். ஆழமற்ற இடத்தில் ஆகர் அடித்தரையைத் தொட்டுவிட்டால் ஒரே துளையில் கூர் போய்விடும்.

இனித் தீட்டுவதைப் பற்றிச் சொல்கிறேன். ஸ்வீடனின் மோரா ஆகர்களில் உள்ளதைப் போன்ற சீவும் பிளேடுகளில் கூர்மையைவிடக் கோணமே முக்கியம். விளிம்பின் சரிவு சிறிது மாறினாலும், விளிம்பு பனிக்கட்டியைக் கவ்வுவதற்கு முன் அதன் பின்பகுதி போய் உட்கார்ந்துவிடும் என்பதால், விரலுக்குக் கூராகத் தெரியும் பிளேடுகூட ஏரியில் பயன்படாது. நேரான விளிம்புள்ள பிளேடானால், நுண்ணிய சாணைக்கல்லில் பழைய சரிவின் மீதே மென்மையாக இழுத்து, இரண்டு பிளேடுகளையும் ஒரே அளவில் தீட்டலாம். வளைந்த பிளேடுகளையும் பல்லுள்ள பிளேடுகளையும் வீட்டில் தீட்டாமல் புதிய ஜோடி வாங்கிவிடுவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. எந்த வகையானாலும் மின்சாரச் சாணைச் சக்கரம் வேண்டவே வேண்டாம். அதன் சூட்டில் எஃகின் பதம் போய்விடும்.

மாற்றும்போது ஒன்றை மட்டும் மாற்றாமல் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். தடித்த கையுறை அணிந்துகொள்ளுங்கள். பிளேடு அமரும் இடத்தில் துருவோ மண்ணோ இருந்தால் அங்கேயும் கோணம் பிசகும் என்பதால், துடைத்துவிட்டுத் திருகாணிகளை இறுக்க வேண்டும். கழற்றிய ஜோடியை எறிந்துவிடாதீர்கள். கரையை ஒட்டித் துளையிட நான் பழையதையே மாட்டுகிறேன்.

வீடு திரும்பியதும் உறையைக் கழற்றி, பிளேடைத் துணியால் துடைத்து, முழுவதும் காய்ந்த பிறகு மெல்லிய எண்ணெய் பூசி வையுங்கள். ஈர உறைக்குள் காரின் பின்பெட்டியில் கிடக்கும் பிளேடின் விளிம்பைத் துரு அரித்துவிடும். உறையின் உட்புறமும் உலர்ந்த பிறகே அதைத் திரும்ப மாட்ட வேண்டும்.